ஈரத்துணியின் தாளம்

வாயாடி என்பது வீட்டில் திட்டுவதற்காக வைத்த பெயர். அதையே அவள் மேடைப் பெயராக வைத்துக்கொண்டபோது, திட்டியவர்கள் வாயடைத்துப் போனார்கள். பேச்சில் அவளை ஜெயித்த ஆள் அந்தக் குடும்பத்தில் கிடையாது. பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தால் போகிற வருகிறவர்களை நிறுத்தி வைத்துப் பேசுவாள். வளர்ந்த பிறகு அந்தப் பேச்சுக்கு எதுகையும் மோனையும் வந்து ஒட்டிக்கொண்டன. கேட்டவர்கள் இது ராப் என்றார்கள். அப்படியென்றால் ராப் என்றே இருக்கட்டும் என்று அவளும் பெரிய மனது பண்ணினாள்.

அவளுடைய தம்பி நேர் எதிர். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் நமக்குக் கேள்வி மறந்துவிடும். ஆனால் எந்தச் சத்தம் கேட்டாலும் அவன் விரல்கள் எதன்மீதாவது தட்டிக்கொண்டிருக்கும். அக்கா பேச, தம்பி தட்ட, அப்படித்தான் ‘ஈரத்துணி’ என்ற குழு பிறந்தது. பேரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். இரண்டு பேருக்கும் பிழைப்பு அத்தையின் சலவைக் கடையில். ஆஸ்பத்திரி விரிப்புகளும் ஓட்டல் துண்டுகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம். வேறு பேர் எங்கே போய்த் தேடுவது?

கடையின் பின்கட்டில் துணி காயவைக்கிற பழைய டிரையர் ஒன்று இருந்தது. ஆள் உள்ளே போய் உட்காரலாம், அவ்வளவு பெரியது. முணுமுணுத்துக்கொண்டே இருக்கும், சொன்ன பேச்சைக் கேட்காது, ஆனால் அது இல்லாமல் வீட்டில் ஒரு காரியமும் ஆகாது. அதனால் அதற்குப் பெரியப்பா என்று பெயர். பெரியப்பாவின் வயிற்றில் எப்போதோ விழுந்த ஒரு பள்ளம் உண்டு. துணிப்பொதி சுற்றி வந்து அந்தப் பள்ளத்தைத் தாண்டும்போதெல்லாம் ‘தம்’ என்று ஒரு அடி விழும். தரை அதிரும், காலில் ஏறும், வயிற்றில் போய் உட்காரும். அந்த அடியைப் பிடித்துக்கொண்டு தம்பி தன்னுடைய மின்தாளப் பெட்டியில் இருக்கிற பொத்தான்களைத் தட்டுவான். அதன்மேல் வாயாடி வார்த்தைகளை விரிப்பாள்.

கறையைக் கொண்டா, கதையைச் சொல்றேன்,
காலர் அழுக்குல காலத்தைச் சொல்றேன்,
மடிப்புக்குள்ள மறைச்சதை எல்லாம்
மைக்கைக் குடுத்தா மேடையில சொல்றேன்.

விரிப்பு ஏற்றிக்கொண்டு வரும் ஆம்புலன்ஸ் டிரைவர் இதைக் கேட்டுவிட்டு ஒருநாள் டிரம்பெட்டோடு வந்து நின்றார். சின்ன வயதில் பேண்டு வாத்தியத்தில் வாசித்தவராம். சைரன் கேட்டுக் கேட்டுத் தன் காது கெட்டுப்போவதற்குள் கொஞ்சம் நல்ல சத்தம் போட்டுவிட ஆசை என்றார். அவர் ஊதிய முதல் நாளே பாட்டுக்கு ஒரு ஜன்னல் திறந்த மாதிரி ஆயிற்று. அடுத்தது, வெள்ளைக் கோட்டுகளைச் சலவைக்குப் போட வந்த பல் ஆஸ்பத்திரி நர்ஸ். அந்த அம்மாள் செல்லோ வாசிப்பாள், காலிடுக்கில் நிறுத்தி வில்லால் இழுக்கிற பெரிய வயலின். பெரிய பெரிய மேதைகளின் இசையை மூன்று பேரோடு உட்கார்ந்து நிமிர்ந்த முதுகோடு வாசித்துப் பழகியவள். பின்கட்டில் நாற்காலி இல்லாமல், சோப்புத்தூள் பீப்பாய்மேல் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கியதும் முதுகு வளைந்தது, வாசிப்பும் நன்றாகவே வளைந்தது.

இப்படியாக ராப்புக்குள் பேண்டு வாத்தியம் நுழைந்து, பேண்டு வாத்தியத்துக்குள் செல்லோ நுழைந்து, எல்லாவற்றுக்கும் அடியில் பெரியப்பா உருண்டார். பின்கட்டிலேயே பதிவுசெய்து பாட்டுகளை அவர்களே இணையத்தில் போட்டார்கள். எந்தக் கம்பெனியிடமும் போய்க் கைகட்டி நிற்கவில்லை. கேட்ட கூட்டம் மெல்ல மெல்லப் பெருகியது. “இது ராப்பா, கச்சேரியா, இரும்புக்கடைச் சத்தமா?” என்று ஒருத்தர் பாட்டுக்குக் கீழே எழுதியிருந்தார். வாயாடி அதை அத்தைக்குப் படித்துக் காட்டினாள்.

“மூணும்தான்னு எழுதிப் போடு” என்றாள் அத்தை. “அப்படியே அந்தத் துண்டையெல்லாம் மடிச்சும் போடு.”

எல்லாரும் ஒரே மாதிரி பாராட்டிய விஷயம் ஒன்று உண்டு. ஈரத்துணியின் பாட்டுகள் மெதுவாக, கனமாகத் தொடங்கும். போகப் போக, எங்கே என்று தெரியாமல், மேலே மேலே ஏறும். முடியும்போது கேட்கிறவர் எழுந்து நின்றிருப்பார். இந்த ஏற்றம் எப்படி வருகிறது என்று கேட்டால் வாயாடி கொஞ்சமும் கூசாமல், “அது என் மூச்சுலேர்ந்து வருது” என்பாள். சத்தியமாக அப்படித்தான் நம்பினாள்.

ஊரின் நடுவில் இருந்த பாட்டு அரங்கத்திலிருந்து அழைப்பு வந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை என்று சொல்லமாட்டேன். வரவேண்டியது வந்தது என்பது போலத்தான் நடந்துகொண்டாள். இரண்டு மாலை நிகழ்ச்சிகள், நடுவே சில வாரங்கள் இடைவெளி. பெரியப்பாவைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. எனவே தம்பி பெரியப்பாவின் அடியைக் கொஞ்சம் பதிவுசெய்து, அந்தத் துண்டே திரும்பத் திரும்ப ஓடும்படி பெட்டியில் ஏற்றிவைத்தான்.

“அக்கா, இதை வெச்சு ஒரு தடவ ஒத்திகை பாத்துரலாம்” என்றான்.

“எதுக்குடா? நம்ம பெரியப்பாதானே. வீட்டு மனுஷனோட பேச ஒத்திகை வேணுமா?”

அவன் இன்னொரு தடவை சொன்னான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவனும் அதற்குமேல் வற்புறுத்துகிற பிள்ளை இல்லை.

அரங்கம் நிறைந்திருந்தது. முதல் பாட்டு ‘வெள்ளை விரிப்பு’. ஆரம்பம் அருமையாக இருந்தது. இரண்டாம் சரணம் வந்தபோது ஏதோ ஒன்று காலைப் பிடித்து இழுக்கிற மாதிரி வாயாடிக்குப் பட்டது. வார்த்தை முன்னால் போகிறது, அடி பின்னால் வருகிறது. டிரம்பெட் ஒரு பக்கம், செல்லோ ஒரு பக்கம். நான்கு பேரும் ஆளுக்கொரு தெருவில் நடந்து கடைசியில் ஒருத்தரை ஒருத்தர் தொலைத்தார்கள். பாட்டு நடுவில் நின்றுபோயிற்று.

கூட்டம் அமைதியாகப் பார்த்தது. அந்த அமைதியை வாயாடியால் தாங்க முடியவில்லை. அவள் அறிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தாள், பேசினாள்.

“மன்னிச்சிக்குங்க. தாளம் போடுறவன் என் கூடப்பொறந்த தம்பி. தூங்கிட்டான் போல.”

கூட்டம் சிரித்தது. அவளுக்கு உயிர் வந்தது. மறுபடி தொடங்கினார்கள், மறுபடி அதே இடத்தில் குழம்பியது. இந்தத் தடவை அவள் தம்பி பக்கம் திரும்பி, “டேய், எந்திரி, விடிஞ்சிருச்சு” என்றாள். அரங்கமே குலுங்கிச் சிரித்தது. தம்பியும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். மிச்சப் பாட்டுகளை எப்படியோ ஒப்பேற்றி இறங்கினார்கள். கூட்டம் தன்னைக் கைவிடவில்லை என்ற திருப்தியில் வாயாடி வந்தவர்களோடெல்லாம் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். தம்பி மேடையில் தனியாக உட்கார்ந்து வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

அரங்க மேனேஜர் அவளைத் தனியே கூப்பிட்டு, “நல்லாப் பேசுறீங்க. ஆனா ஜனங்க பாட்டு கேக்க வந்தாங்க. அடுத்த தடவயும் இப்படின்னா அதோட முடிச்சிக்கலாம்” என்றார். நாகரிகமான மனிதர், சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மறுநாள் காலையில் தம்பி சலவைக் கடைக்கு வரவில்லை. சின்ன மாமாவின் டயர்க் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று அத்தைதான் சொன்னாள். பெட்டியை மட்டும் துணியில் சுற்றிப் பின்கட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

“கோவிச்சிக்கிட்டானா? ஒரு தமாஷுக்குச் சொன்னதுக்கா?” என்றாள் வாயாடி.

“அவன் கோவிச்சு நான் பாத்ததில்ல. அதான் எனக்குப் பயமா இருக்கு” என்றாள் அத்தை.

டிரைவரும் நர்ஸும் வந்தார்கள், போனார்கள். பின்கட்டில் யாரும் எதையும் வாசிக்கவில்லை. வேறு தாளக்காரனைப் பிடிக்கலாம் என்று வாயாடி வீராப்பாகச் சொன்னபோது டிரைவர் வண்டிச் சாவியை எடுத்தார், நர்ஸ் தன் கோட்டுகளை எண்ணினாள். அவள் நெஞ்சிலும் அந்தப் பேச்சு ஒட்டவில்லை. ஆனாலும் தப்பு அவனுடையது என்பதில் அவளுக்கு அப்போது சந்தேகமே இல்லை. தாளம் போடுகிறவன்தானே தாளத்துக்குப் பொறுப்பு?

அந்த வாரம் ஓட்டலில் ஏதோ மராமத்து. வழக்கமான மூட்டைக்குப் பதில் கொஞ்சம் மெல்லிய ஜன்னல் திரைகள் மட்டும் வந்தன. மத்தியான வேளையில் வாயாடி அவற்றைப் பெரியப்பாவின் வயிற்றில் போட்டுப் பொத்தானைத் தட்டினாள். கை வேலைசெய்ய, வாய் பழக்கதோஷத்தில் ‘வெள்ளை விரிப்பு’ பாடலைத் தொடங்கியது. முதல் வரியிலேயே வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டு ஓடின. தம் தம் தம் என்று பெரியப்பா இளவட்டம் மாதிரி குதித்துக்கொண்டிருந்தார்.

“அத்தை, இதுக்குப் பெல்ட் மாத்தினீங்களா?”

“அதுக்கு முன்னாடி உன்னை மாத்துவேன். அந்தப் பெல்ட் நான் கடை வாங்குனப்பவே கிழவி.”

வாயாடி திரைகளை வெளியே எடுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து துவைத்து வைத்திருந்த ஈர விரிப்புகளை இரண்டு கையாலும் அள்ளித் திணித்தாள். பொத்தானைத் தட்டிவிட்டு, கதவின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். கனத்த சுமையில் பழைய பெல்ட் வழுக்கி வழுக்கி இழுத்தது. தம்... தம்... என்று பெரியப்பா நிதானமாக நடந்தார். அவள் பாடலைத் தொடங்கினாள். முடித்தாள். மறுபடி தொடங்கினாள். ஒவ்வொரு தடவையும் மூச்சு சீக்கிரம் தீர்ந்தது. கடைசியில் வேர்த்து விறுவிறுத்துக் கதவைத் திறந்தபோது விரிப்புகள் சூடாக, லேசாக, கையில் கனமே இல்லாமல் இருந்தன. ஈரம் போகப் போக சுமை குறைந்திருந்தது. சுமை குறையக் குறைய பெரியப்பா வேகம் பிடித்திருந்தார்.

அவள் அந்த விரிப்புகளை அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஊரே மெச்சிய ஏற்றம் அவள் மூச்சிலிருந்து வரவில்லை. துணி காய்ந்ததிலிருந்து வந்தது. அது தெரிந்ததில் கொஞ்சம் மூக்கு உடைந்ததே தவிர, அவளுக்குச் சிரிப்பும் வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

அரங்கத்தார் அனுப்பியிருந்த பதிவை அவள் அதுவரை கேட்கவில்லை. இப்போது போனை எடுத்துக் காதில் வைத்தாள். பெட்டியிலிருந்து வந்த தாளம் முதலிலிருந்து கடைசி வரை இம்மியும் பிசகாமல் ஒரே நடையில் போய்க்கொண்டிருந்தது. அதைவிட்டு முதலில் ஓடியது அவள் குரல். அவள் பின்னால் டிரம்பெட். அதன் பின்னால் செல்லோ. மூன்று பேரும் பழக்கத்தில் ஏறிக்கொண்டே போக, ஒரே ஒருத்தன்தான் நிற்க வேண்டிய இடத்தில் நின்றிருந்தான். அவனைப் பார்த்துத்தான் அவள் தூங்கிட்டான் என்று சொன்னாள். பதிவில் அந்தச் சிரிப்பும் தெளிவாகவே விழுந்திருந்தது.

அவளுக்கு முகம் எரிந்தது. ஒத்திகை பார்க்கலாம் என்று அவன் இரண்டு தடவை சொன்னது ஞாபகம் வந்தபோது விரிப்புகளை அப்படியே போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

டயர்க் கடை மூன்று தெரு தள்ளி இருந்தது. தம்பி குந்தி உட்கார்ந்து ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் தண்ணீரைப் பார்த்தான்.

வழி நெடுக அவள் பேச்சைத் தயார் செய்துகொண்டுதான் வந்தாள். நல்ல பேச்சு, எதுகையெல்லாம்கூட அமைந்திருந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் போயிற்று.

“நீ சரியாத்தான் போட்டிருக்கடா. நாங்கதான் ஓடியிருக்கோம்” என்றாள். பெரியப்பாவின் கதையைச் சொன்னாள். திரைகள், ஈர விரிப்பு, பெல்ட், எல்லாம்.

அவன் கேட்டுக்கொண்டான். டியூபைத் துடைத்து, ஓட்டை இருந்த இடத்தில் சாக்பீஸால் குறி வைத்தான்.

“நானே தப்பாப் போட்டுட்டேன்னுதான் நெனச்சேன்” என்றான் கடைசியில். “தெனமும் மனசுக்குள்ள போட்டுப் போட்டுப் பாத்தேன். எங்க விட்டேன்னே புரியல.”

“அதான் சொல்றேனே, நீ விடல.”

“சரிக்கா. அன்னிக்கு நான் விட்டுருந்தா?”

அவளுக்குப் புரியவில்லை.

“நெசமாவே நான் விட்டுருந்தா நீ சொன்னது சரியாயிருக்குமா? நாளைக்கு நான் தப்புப் பண்ணாம இருப்பேனா? அப்பவும் நீ என்னை வித்துத்தான் சிரிப்பு வாங்குவ.”

பேச்சில் யாரும் ஜெயிக்காத அக்கா தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்லை.

“மன்னிச்சிருடா” என்றாள். அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து அதற்கு முன் வந்ததாக வீட்டில் யாருக்கும் தெரியாது. மேடையில் கூட்டத்திடம் சொன்னது கணக்கில் வராது.

“பாட்டுக்காக வர்றேன்” என்றான் தம்பி. “உன்னை நம்பி இல்ல.”

அவன் வந்தான். பின்கட்டில் மறுபடி கூடினார்கள். விஷயத்தைக் கேட்ட டிரைவர், “அப்ப பெரியப்பாவை ஆம்புலன்ஸ்ல ஏத்திடறேன், நோயாளின்னு சொல்லிக்கலாம்” என்றார். நர்ஸ், ஈரம் காயக் காயப் பெரியப்பா ஏறுகிற மாதிரி பதிவையே வேகம் கூட்டி ஓட்டலாம் என்றாள். தம்பி இரண்டுக்கும் தலையாட்டி மறுத்தான்.

“பெரியப்பா அவர் இஷ்டத்துக்கு ஏறுவாரு. பாட்டு எங்க ஏறணும்னு அவருக்குத் தெரியாது. பதிவு வேணாம், நான் கையால போடறேன். நீங்க என்னைப் பாருங்க.”

அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. பெரியப்பாவை நிறுத்திவைத்துவிட்டு முதன்முதலாக வாசித்தார்கள். முதல் சில நாட்கள் கண்றாவியாக இருந்தது. இத்தனை நாளும் யார் முதுகில் சவாரி செய்தோம் என்று நான்கு பேருக்கும் அப்போதுதான் தெரிந்தது. பிறகு ஒன்றொன்றாக ஏதோ நடக்கத் தொடங்கியது. செல்லோ தனியாக இழுக்கும் இடத்தில் தம்பி தாளத்தைப் பிடித்து நிறுத்தினான். நர்ஸுக்கு அவள் பழகிய பழைய இசையின் நிதானம் திரும்பக் கிடைத்தது. டிரம்பெட் நுழையும்போது இரட்டிப்பாக்கினான். டிரைவர் நடுவில் ஒரு துள்ளலைக் கண்டுபிடித்தார். வாயாடி முணுமுணுக்கக் கற்றுக்கொண்டாள். அதுவரை அவளுக்கு உரக்கப் பேசத்தான் தெரியும். எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி ஏறிக்கொண்டிருந்த காலம் போய், ஒவ்வொன்றும் அதனதன் நடையில் போக ஆரம்பித்தது.

“ஆஸ்பத்திரி விரிப்பை உங்க பாட்டுலயா காயப்போடுறது? மெஷினைப் போடுங்க” என்று அத்தை கத்தினாள். கத்திவிட்டு, வாசலிலேயே நின்று பாட்டு முடியும்வரை கேட்டாள்.

தம்பி எல்லாரோடும் நன்றாகத்தான் பழகினான். அக்காவிடமும் பழகினான், வாடிக்கையாளரிடம் பழகுவது போல. கேட்டதற்குப் பதில் சொன்னான், டீ கொண்டுவந்து கொடுத்தான். அதுதான் அவளைக் குடைந்தது. இரண்டாவது நிகழ்ச்சியில் பாட்டு நன்றாக வரும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. பாட்டுக்கு அப்புறம் தம்பி திரும்பக் கிடைப்பானா என்பதுதான் தெரியவில்லை.

அந்த மாலையும் வந்தது. போன தடவை வந்தவர்களில் பாதிப் பேர் மறுபடி வந்திருந்தார்கள். ஏதாவது வேடிக்கை நடக்கும் என்று நம்பி வந்தவர்களும் அதில் உண்டு. நான்கு பேரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். விளக்கு வந்தது. தம்பி கையைப் பொத்தான்களுக்கு மேலே தூக்கினான்.

கை இறங்கவில்லை.

வாயாடி ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் விரல்கள் காற்றில் நின்றிருந்தன. டிரைவர் டிரம்பெட்டை உதட்டிலிருந்து எடுத்தார். நர்ஸின் வில் கம்பிமேல் வைத்தது வைத்தபடி இருந்தது. மேடை ஓரத்தில் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. யாரோ ஒருத்தர் நடுவரிசையிலிருந்து, நல்ல கணீரென்ற குரலில், “தம்பி தூங்கிட்டாரா?” என்று கேட்டார்.

சிரிப்பு அலை அலையாக வந்தது. அவள் வீசிவிட்டுப் போன கல், பத்திரமாகத் திரும்பி வந்து தம்பிமேல் விழுந்தது.

மைக் அவள் வாய்க்கு ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தது. அந்த ஆளைச் சுருட்டிப் போட அவளிடம் பதில் தயாராக இருந்தது. ஒன்றல்ல, நாலைந்து. ஒன்றை எடுத்துவிட்டாலே போதும், அரங்கம் மொத்தமும் அவள் கைக்குள் வந்துவிடும். தம்பியைக் காப்பாற்றியதாகவும் ஆகும். ஆனால் சிரிப்பு மறுபடி அவளுக்குத்தான் விழும், தம்பி மறுபடி அந்தச் சிரிப்புக்குக் கீழே உட்கார்ந்திருப்பான். இது அவளுக்கு அந்த நொடியில் பளிச்சென்று தெரிந்தது.

அவள் மைக்கை இறக்கினாள். கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் தம்பியைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

சிரிப்பு மெல்ல ஓய்ந்தது. யாரோ இருமினார்கள். யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் உதட்டைக்கூட அசைக்கவில்லை. எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும் என்று கைகளைத் தொங்கவிட்டு நின்றாள். தொண்டைவரை பேச்சு முட்டிக்கொண்டுதான் இருந்தது, விழுங்கினாள். அவளுக்குப் பின்னால் அரங்கம் முழுக்க நிசப்தமாயிற்று. முன்பு ஒரு கணம்கூடத் தாங்க முடியாமல் போன அதே நிசப்தம்.

தம்பி நிமிர்ந்தான். அக்கா வாய் மூடி நிற்பதை இப்போதுதான் கவனித்தவன் போல அவளையே பார்த்தான். ஏதாவது சொல்லப்போகிறாளா என்று காத்திருந்து பார்த்தான். அவள் சொல்லவில்லை. அவன் தோள் இறங்கியது. வாயோரம் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. டயர்க் கடைக்குப் போனதிலிருந்து அவள் பார்க்காத சிரிப்பு.

முதல் அடி விழுந்தது. தரை வழியாக ஏறி எல்லார் வயிற்றிலும் போய் உட்கார்ந்தது. அடுத்த அடிக்கு அவன் அவசரப்படவே இல்லை. செல்லோ வந்தது, டிரம்பெட் தயங்கித் தயங்கிச் சேர்ந்தது. அவன் பிடித்து வைத்தான், விட்டான், மறுபடி பிடித்தான். நடுவரிசைக் குரல்காரர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். அவள் நுழைய வேண்டிய இடம் வந்தது. பழைய வாயாடியாக இருந்தால் அதற்கும் முன்னாலேயே பாய்ந்திருப்பாள். அவள் மைக்கைத் தூக்கிவைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தபடி நின்றாள். அவன் இன்னும் ஒரு சுற்று வாசித்தான், வேண்டுமென்றே, அவளைச் சீண்டுவதற்காக. சின்ன வயதில் மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அவனைச் சீண்டுவாளே, அப்படி.

பிறகு தலையசைத்தான். அவள் வாயைத் திறந்தாள்.